தர்பூசணி வண்டிச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஜாஸ் இசை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1970-களில் மின்னணுக் கருவிகளும், ஃபங்க் எனும் கறுப்பின அமெரிக்க நடன இசையின் தாளமும் புகுந்ததும் ஜாஸ் தன் மண்ணை மறந்துவிட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' என்ற 1973-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு இது பெரிய அநீதி.

சிம்மக்கல்லில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். 1984-இல், கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் இந்த இசைத்தட்டைப் பதியக் கொடுத்தார். எனக்கும் ஒரு கேசட் பதிந்துகொண்டேன். மொத்தம் நான்கே உருப்படிகள். முதலாவதான 'கமீலியன்' 15 நிமிடங்களுக்கு மேல் ஓடும். அதன் தொடக்கத்தில் தனியாக நடைபோடும் கனத்த அடிநாதத்தை பேஸ் கிட்டார் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது ஹான்காக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வாசித்தது! பால் ஜாக்சனின் பேஸ் கிட்டார் அதற்கு மேலே, உயர்ந்த சுரங்களில் உலவுகிறது. குருநாதரின் கச்சேரியைப் பிரதியெடுக்க வந்த தவில்காரர் ஒருவர், மேசையில் விரலால் தட்டியபடி முழுவதும் கேட்டுவிட்டு, "ஒருவர்கூட அவசரப்படவில்லையே!" என்றார்.

மண் என்று பேசினால் இதே ஆல்பத்தின் 'வாட்டர்மெலன் மேன்' உருப்படியைத்தான் கேட்க வேண்டும். சிகாகோவில் தன் சிறுவயதில், கல் பாவிய சந்துகளில் தர்பூசணி வண்டிச் சக்கரங்கள் உருண்ட சத்தமும், வியாபாரியைப் பெண்கள் கூவியழைத்த குரலும்தான் இதற்கு மூலம் என்று ஹான்காக் சொல்லியிருக்கிறார். 1962-இல், 22 வயதில் அவர் பதிவு செய்த மெட்டு அது. 1973-இல் அதையே அடையாளம் தெரியாத அளவுக்கு நிதானமாக்கி, புதிதாக வார்த்தார். தாளக் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலின் வாயில் ஊதித் தொடங்கி வைக்கிறார். மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள், ஒற்றைச் சுரக் குழலையும் தங்கள் குரலையும் மாற்றி மாற்றி இசைக்கும் முறை அது. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி வளர்ந்த நமக்கு அந்த ஓசை அந்நியமா? கீழமாசி வீதிப் பக்கம் விடியற்காலையில் பார வண்டிகளின் கடகடப்பில் கண்விழித்தவன் நான். முதல் முறை கேட்டபோதே எங்கள் தெரு ஞாபகம்தான் வந்தது.

ஹிப்-ஹாப் கலைஞர்கள் இந்த ஆல்பத்திலிருந்து எடுத்தாண்டது ஏராளம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. தொடரின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

முன்னாள் கேசட் கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை.