ஈம் ஊரில் பிழைத்தவர்களையும் எண்ணுங்கள்

ஈம் ஊர் அருங்காட்சியகத் தொண்டர்களுக்கும் புனித லாரன்ஸ் தேவாலயத்தாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும், Eyam என்று எழுதும் உங்கள் ஊரை 'ஈம்' என்று உச்சரிக்க வேண்டும் எனத் தெரிந்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். தமிழில் ஈமம் என்றால் சுடுகாடு. வெளியுலகுக்கும் உங்கள் ஊர் அப்படித்தான் அறிமுகம். 1665இல் லண்டனிலிருந்து கொள்ளைநோயைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் துணி மூட்டை, அந்நோய்க்கு முதல் பலியாகி செப்டம்பர் 7இல் அடக்கமான ஜார்ஜ் விக்கர்ஸ், அடுத்த ஆண்டு நவம்பருக்குள் கொள்ளைநோயில் ஏறத்தாழ 260 சாவு.

தேவாலயப் பங்கு மக்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின் தொடர்ச்சிதான் உங்கள் பதிவேடும். மூன்றில் அடக்கப் பக்கம் மட்டும் புகழ் பெற்றுவிட்டது. அதில் செத்தவர்தானே வருவார்?

எலிசபெத் ஹான்காக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1666 ஆகஸ்டில், எட்டே நாளில் கணவரும் ஆறு பிள்ளைகளும் போய்விட்டார்கள். நோய் வெளியே பரவாதிருக்க ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டிருந்த நேரம். தேவாலய வளாகத்துக்குப் பிணத்தைக் கொண்டுபோகாமல் அவரவர் நிலத்திலேயே புதைக்க ஏற்பாடு. ஏழு பேரையும் அந்த அம்மாவே இழுத்துப்போய்ப் புதைத்ததாகச் சொல்கிறார்கள். அடக்கப் பக்கத்தில் அந்த ஏழு பேருக்கும் இடம் உண்டு, குழி தோண்டியவருக்கு இல்லை.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். ஊரில் அப்போது 350 பேர் இருந்ததாக வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வுகளோ சுமார் 700 என்கின்றன. முதல் கணக்கில் தப்பியவர் நூறு பேர்கூட இல்லை. இரண்டாவதில் நானூறுக்கும் மேல். இரண்டும் ஒரே ஊர் மாதிரியா இருக்கிறது?

அதனால் கேட்கிறேன். அடக்கப் பக்கத்தின் நகலைக் காட்டும் இடத்தில் 1667, 1668ஆம் ஆண்டுகளின் ஞானஸ்நான, திருமணப் பக்கங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். யார் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார், யார் வீட்டில் தொட்டில் ஆடியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். கூடவே 1660களின் அடுப்பு வரிப் பட்டியல். அடுப்புக்கு வருடம் இரண்டு ஷில்லிங் பிடுங்கிய அந்த வரியை அன்று யாரும் வாழ்த்தியிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் பெயரோடு எத்தனை அடுப்பு என்று எழுதிவைத்தது அதுதான்.

விக்கர்ஸ் தங்கியிருந்த வீட்டின் பச்சைப் பலகையில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வீட்டில் மேரி மட்டும் பிழைத்தாள், உறவினர் 13 பேரை இழந்தாள் என்று பலகை சொல்கிறது. நான் அதிகநேரம் யோசித்தது அந்த மேரியைப் பற்றித்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஏட்டில் 1665 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1666. முன்னோரைத் தேடி வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. நகலுக்குக் கீழே ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய ஏடுகளைப் புரட்டும் பழக்கமுள்ள ஒருவன்