ஹெர்மீஸில் இறங்கப் போகும் நண்பனுக்கு

அன்பு குமரா,

அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கடல் உயிரியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம்.

மட்டக்களப்பில் ஹெர்மீஸ் கப்பலுக்கு இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்; 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தைப் பற்றி அவ்வளவு யோசித்திருக்கிறாய், ஆக்சிஜனைப் பற்றி ஒரு வரி இல்லை. அழுத்தம் ஏறினால் அந்த ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரும். அதுதான் உடனே எழுதுகிறேன்.

அடியில் நீந்தும்போது ஆக்சிஜனின் பகுதியழுத்தம், அதாவது சுவாசிக்கும் காற்றின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.4 பாரையும், மேலே வரும் வழியில் நிற்கும் இடங்களில் 1.6ஐயும் தாண்டக் கூடாது என்ற கணக்கு உனக்குத் தெரியும். 53 மீட்டரில் சாதாரணக் காற்று 1.3தான் வரும். நீ வழக்கமாக எடுக்கும், ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய நைட்ராக்ஸ் காற்று என்றால் அங்கே 2 பார். நிறுத்தங்களுக்கென்று கொண்டுபோகும் 50 சதவீத ஆக்சிஜன் உள்ள சிலிண்டரின் ரெகுலேட்டரை அடியில் மாற்றி வாயில் வைத்துவிட்டால் 3ஐத் தாண்டும். வலிப்பு பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் வரும். படுக்கையில் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் ரெகுலேட்டர் நழுவி மூழ்கித்தான் சாகிறார்கள்.

1.4க்குள் இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட், ஒரே ஆளை 70 அடி ஆழத்தில் சுத்த ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து மூன்று மாத காலம் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒரு நாள் 7 நிமிடத்தில் அறிகுறி வந்தது, இன்னொரு நாள் 148 நிமிடம் தாங்கினார். அதே உடம்பு, அதே ஆழம்! ‘போன தடவை எனக்கு ஒன்றும் ஆகலையே’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான்.

அப்புறம், உழைப்பு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் உடம்பில் கரியமில வாயு ஏறும். அது மூளையின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், ஆக்சிஜன் இன்னும் அதிகமாக அங்கே போய்ச் சேரும். அந்த ஆழத்தில் காற்றே அடர்ந்துபோவதால் மூச்சு விடுவதே ஒரு வேலை. காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்கி அடக்கி விடும் உன் பழக்கத்தை இந்த முறை தயவுசெய்து விட்டுவிடு. நீரோட்டம் பலமாக இருந்தால் இறங்காதே. கப்பல் எங்கேயும் போகாது.

உன் சைனஸுக்கு எடுக்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா பார். ஆக்சிஜன் அதிகமுள்ள கலவையோடு அது வேண்டாம் என்று டைவிங் மருத்துவர்கள் சொல்வார்கள்.

சிலிண்டரில் என்ன கலவை என்று நீயே அனலைசர் வைத்து அளந்துபார். எந்த ஆழம்வரை அதைச் சுவாசிக்கலாம் என்று பெரிய எழுத்தில் ஒட்டிவை. உன்னோடு இறங்குபவர் யார், அடியில் எந்தக் கலவை என்று எழுது. தேதி முடிவானதும் போன் பண்ணு, திட்டத்தை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி