ஜி.பி.ஏ. தானாகப் போய்விடும், பெயரைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்புச் செலவு பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலும் கல்விக் கடன் பற்றித்தான். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணத்தை இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் சில கோட்டை விடுவதை நான் பார்க்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு பொதுப் பள்ளி அலுவலகத்தில் மாணவர் பதிவேடுகளைக் கவனிப்பது என் வேலை.

அந்தப் பணத்துக்குக் கால் கிராண்ட் (Cal Grant) என்று பெயர். கல்லூரிப் படிப்புக்கு மாநில அரசு கொடுப்பது. 'ஏ' பிரிவுக்கு ஜி.பி.ஏ., அதாவது பள்ளி மதிப்பெண்களின் சராசரி, 3.0 வேண்டும், 'பி' பிரிவுக்கு 2.0 போதும். குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. தமிழர் என்றால் எல்லாருக்கும் ஐ.டி. சம்பளம் என்று ஊரில் நினைக்கிறார்கள். கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஷிப்ட் பார்க்கும் தமிழர்களும் இங்கே உண்டு.

முன்பெல்லாம் பிள்ளைகளே பள்ளியில் படிவத்தைக் கொடுத்து, ஜி.பி.ஏ.வுக்குச் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. மறந்தவர்கள், தெரியாதவர்கள், கேட்கக் கூச்சப்பட்டவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு போனது. 2014இல் வந்த சட்டம் அதை மாற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அனைவரின் ஜி.பி.ஏ.வையும் பொதுப் பள்ளிகளே மாநில மாணவர் உதவி ஆணையத்துக்குக் கணினி வழியாக அக்டோபர் 1க்குள் அனுப்பிவிட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம். அதற்காகப் பதினோராம் வகுப்பிலேயே எழுத்து மூலம் அறிவிப்பு வரும், பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை விலகும் உரிமை பெற்றோருக்குத்தான்.

சிக்கல் இந்த அறிவிப்பில்தான் தொடங்குகிறது. ஒரு தந்தை அதைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தார். "எம்பொண்ணு மார்க்க கவர்ன்மென்ட்டுக்கு எதுக்கு மேடம் அனுப்பணும்? வேண்டாம்னு எங்க கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார். "பாடவாரியா எதுவும் போகாது சார். பத்து, பதினொன்று ரெண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே சராசரி, அதோட யாருன்னு தெரியறதுக்கான விவரம், அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளின் தகவல் எங்கெங்கோ போகிற காலம் இது. ஆனால் மகளுக்கு வரக்கூடிய உதவியை ஒரு கையெழுத்தில் அடைக்கும் முன், போவது என்ன என்று கேட்க வேண்டுமல்லவா! அவர் வயதுக்காரர்களின் பிளஸ் டூ ரிசல்ட் பதிவெண்ணோடு பேப்பரிலேயே வந்தது.

இதைவிட எனக்குக் கவலை தருவது பெயர். பள்ளி அனுப்பும் ஜி.பி.ஏ. ஒரு பக்கம் இருக்கும். கல்லூரி உதவித்தொகைக்குக் குடும்பம் நிரப்பும் ஃபாஃப்சா விண்ணப்பம் இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டும் ஒரே பிள்ளையுடையது என்று ஆணையத்தின் கணினி பொருத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பொதுவாகப் பள்ளிகள் வாங்குவதில்லை. ஆகவே பெயரும் பிறந்த தேதியும்தான் பெரிய ஆதாரம். நம் பெயர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட், அப்பா பெயர் முன்னால் வந்த பிறப்புச் சான்றிதழ், 'குடும்பப் பெயர்' கட்டம் காலியாக விட்டதால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்த பிள்ளைகள். ஏழு வயதில் சேர்க்கும்போது பள்ளியில் ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள், குடியுரிமை வாங்கும்போது வேறு மாதிரி மாறியிருக்கும். பதிவேட்டில் மாற்றச் சொல்லி யாரும் வருவதில்லை. ஜி.பி.ஏ. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும், உரியவர் யாரென்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். ஃபாஃப்சாவில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆவணத்தோடு வாருங்கள், மாற்றித் தருவோம். ஆணையத்தின் வெப்கிராண்ட்ஸ் தளத்தில் மாணவர் கணக்கு தொடங்கினால் ஜி.பி.ஏ. வந்து சேர்ந்ததா என்று அங்கேயே தெரியும்.

தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைகள் கேட்டுத்தான் அனுப்ப வைக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பள்ளி மார்க்கை அனுப்பிவிட்டதால் விண்ணப்பமே முடிந்துவிட்டது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகள் ஃபாஃப்சாவை நிரப்பியாக வேண்டும். குடியேற்ற ஆவணம் இல்லாத, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு கலிபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம் தனியாக இருக்கிறது. கடைசி நாள் வழக்கமாக மார்ச் 2. அதற்கு முந்தைய வாரம் எங்கள் அலுவலகத் தொலைபேசி படும் பாடு சொல்லி மாளாது.

ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபரில் திறக்கும். இக்கடிதத்தை வெளியிடுவதானால் செப்டம்பருக்குள் வெளியிடுங்கள். பெயர் திருத்தத்துக்கு வருபவர்களைக் கவனிக்க அப்போதுதான் எங்களுக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி அலுவலக ஊழியர்,
கலிபோர்னியா