ஹீல்ஸ் விஷயமாக அம்மிணிக்கு

அம்மிணி,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ரிசப்ஷனில் நாள் முழுக்க நிற்கிற பொண்ணு ஹீல்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று உங்கள் மேனேஜர் சொல்வது நியாயமே இல்லை. கல்யாணம், சீர் என்றால் ரெண்டு மணி நேரம் ஆசையாகப் போட்டுக்கொள், உனக்கு அழகாகத்தான் இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் என்பது வேறு.

அந்தச் செருப்பு நடப்பதற்கென்று வந்ததே இல்லை கண்ணு. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கிற வளையத்தில், கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பு விடுவதற்குப் போட்டார்கள். 1600-களில் ஐரோப்பாவில் பெரிய வீட்டு ஆம்பளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலோடு நிற்கிற 1701-ஆம் வருஷத்து ஓவியம் இன்றும் இருக்கிறது. வேலை வெட்டிக்கு நடக்கவேண்டாதவன் என்று காட்டிக்கொள்ளத்தானே அது! 1950-களில் குதிகாலுக்குள் எஃகுக் கம்பி வைக்கத் தெரிந்த பிறகு ஊசி மாதிரி ஸ்டிலெட்டோ வந்தது, அதன் நுனி பட்டுத் தரையே குழி விழுகிறது என்று சில கட்டடங்களில் போட்டுவரக் கூடாது என்றார்கள். தரைக்குப் பார்த்தார்கள், காலுக்கு யார் பார்த்தார்கள்?

குதிகால் உயர உயர உடம்புப் பாரம் முன்பாதத்தில் போய் இறங்குகிறது, கூரான முனைக்குள் விரல்கள் நெரிந்து கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைக்கும், முட்டியிலும் அழுத்தம் கூடும். வருஷக்கணக்கில் போட்டால் கெண்டைக்கால் தசை குறுகி, குதிகாலுக்குப் பின்னாடி இருக்கிற குதிநாண் விறைத்துப்போகும், அப்புறம் தட்டையாகக் கால் வைத்தாலே வலிக்கும். போன தடவை வந்தபோது வெறுங்காலில் வாசல் தெளித்துவிட்டு கெண்டைக்கால் இழுக்கிறது என்றாயே, எனக்கு அதிலிருந்துதான் பயம்.

கேட்டால் வேலை போய்விடும் என்கிறாய். லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பொண்ணும் ரிசப்ஷன் வேலைக்குப் போனவள்தான். தட்டைச் செருப்போடு வந்தாள் என்று சம்பளமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். 2016-ல் அவள் அதை வெளியே சொன்னதும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், அவளை அந்த வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி கம்பெனி விதியை மாற்றியது. ஜப்பானிலும் 2019-ல் யூமி இஷிகாவா என்ற நடிகை இதற்காகவே மனு கொடுத்தார்.

உன்னோடு நிற்கிற மற்ற பொண்ணுங்களையும் சேர்த்துக்கொண்டு எச்ஆருக்கு ஒரு மெயில் போடு. அதுவரை பையில் தட்டைச் செருப்பு வைத்துக்கொள், பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மாற்றிக்கொள். பொங்கலுக்கு எந்தத் தேதி கோபிக்கு வருகிறாய் என்று சொல்லு சாமி, ஈரோட்டில் எலும்பு டாக்டரிடம் அப்பா டோக்கன் போட்டு வைக்கிறேன் என்கிறார்.

அம்மா