சுரங்கத்துக்குள் லாரியின் பின்தட்டில்: சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்னால் ஏற்றிச் செல்வதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாடாளுமன்றத்தில் பேசியாயிற்று, பத்திரிகைகளில் எழுதியாயிற்று. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், நின்றிருந்த டிப்பர் லாரியில் ஊழியர்கள் வந்த லாரி மோதி இரண்டு பேர் இறந்தபோது ஊரே பேசியது. பஸ் போதாது, ஓட்டுநர் கிடைப்பதில்லை, சிறிய நிறுவனங்களுக்குச் செலவு தாங்காது என்ற பதிலும் எங்களுக்கு மனப்பாடம். அதனால் நான் எல்லாவற்றையும் கேட்க வரவில்லை. சுரங்கப்பாதையை மட்டும் கேட்கிறேன். சுரங்க விரைவுச்சாலைகளுக்குள் லாரியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றிப் போவதை நிறுத்துங்கள். நாளைக்கே வேண்டாம். எப்போது என்று ஒரு தேதி சொல்லுங்கள், போதும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. நான் சைட் சூப்பர்வைசர் என்பதால் வழக்கமாக முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அன்றைக்கு ஒருவருக்குக் கையில் அடி. அவரை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் ஏறினேன். எட்டு வருஷம் கழித்து ஏறுகிறேன். உயரம்கூட மறந்துபோயிருந்தது, ஒரு தம்பிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

மேற்கிலிருந்து வடகிழக்கில் இருக்கும் தங்குவிடுதிக்குப் போக வேண்டும். மரினா கரையோர விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் இறங்கினோம். பாதி தூரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ வண்டி பழுதாகி நிற்கிறது என்று பிறகு தெரிந்தது. காரில் இருப்பவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கலாம். சுரங்கத்துக்குள் ரேடியோவிலேயே அறிவிப்புச் சொல்ல நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். லாரியின் பின்தட்டில் ரேடியோ கிடையாது.

நாற்பது நிமிஷம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய டிப்பர். அதன் முகப்பு எங்கள் முழங்காலிலிருந்து நாலைந்து அடி தூரத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. சுரங்கத்தில் காற்று இழுக்கும் மின்விசிறிகள் ஓடுகின்றன, எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் எஞ்சின் ஒரே இடத்தில் நிற்கும்போது லாரித் தட்டில் உட்கார்ந்திருப்பவன் மூக்குக்கு அந்த விசிறி வந்து சேர்வதில்லை. பக்கத்துத் தடத்தில் ஒரு கார். அதில் இருந்த அம்மா எங்களைப் பார்த்தார், ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது, பிறகு கையை நீட்டி ஏசியில் ஒரு பொத்தானை அழுத்தினார். வெளிக்காற்று உள்ளே வராமல் செய்கிற பொத்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கார் ஓட்டினாலும் அதைத்தான் அழுத்துவேன்.

எங்களுக்கு இருந்த பொத்தான், தோளில் கிடந்த துண்டு. தண்ணீர் பாட்டிலைச் சரித்து நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகாத ஒரு பையன், தலை சுற்றுகிறது அண்ணே என்றான். இறங்கி நிற்கலாமா என்று கேட்டான். விரைவுச்சாலையில் இறங்கக் கூடாது, தப்பு என்று நான்தான் சொன்னேன். பாதுகாப்பு வகுப்பில் நான் பாடம் எடுக்கிறவன் ஆயிற்றே. கொஞ்ச நேரத்தில் அவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தான். கீழே எடுத்தால் மற்றவர்கள் காலில் படும் என்று. மறுநாள் காலையில் அதே ஹெல்மெட்டைக் கழுவி, ஈரம் காயாமல் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான்.

நான் 2009இல் இந்த ஊருக்கு வந்தவன். அப்போதெல்லாம் இந்த வழி பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் மேலே. மழை பெய்தால் தொப்பலாக நனைவோம். ஆனால் காற்று இருந்தது, மரினா பே விளக்குகள் தெரியும், யாராவது ஒருவன் ஊருக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். நகரத்தின் நடுவே நுழையாமல் நகரத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடலாம். அப்புறம் அந்தப் போக்குவரத்தைக் கீழே கொண்டுபோக முடிவு செய்தீர்கள். நல்ல முடிவுதான். அந்த வேலையில் நானும் இருந்தேன். கடலை மண் போட்டு நிரப்பிய நிலம், அதற்குக் கீழே கடல் களிமண். தோண்டத் தோண்டச் சரிந்துவரும் அந்தக் களிமண்ணை எங்கள் பூட்ஸ் இன்னும் மறக்கவில்லை. 5 கிலோமீட்டர் சாலை, அதில் 3.6 கிலோமீட்டர் சுரங்கம், 420 மீட்டர் கடலடிக்குக் கீழே. 2013 டிசம்பர் 29ஆம் தேதி திறந்தீர்கள். அதோடு சேரும் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் இன்னும் 9 கிலோமீட்டர் சுரங்கம். தோண்டியவர்கள் தாங்கள் தோண்டிய சாலையைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று எங்களை அதற்குள் பின்பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து அழைத்துப்போகிறீர்கள் போலிருக்கிறது. நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த வண்டி சுரங்கத்துக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்கிறவர்கள்தான். 4.5 மீட்டருக்கு மேல் உயரமான வண்டியை விடமாட்டீர்கள். எளிதில் தீப்பற்றும் சரக்கு ஏற்றிய லாரியை விடமாட்டீர்கள். அது சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குச் செலவு ஆகிறது, நேரம் ஆகிறது, நிறுவனங்கள் தாங்கிக்கொள்கின்றன. பெட்ரோலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் ஆட்களுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க முடியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. சுரங்கத்து நுழைவாயிலில் இருக்கும் கேமராவுக்கு லாரியின் பின்னால் இருப்பது மூட்டையா மனிதனா என்று தெரியாமலா போகும்?

விதிகள் இல்லாமல் இல்லை. மேற்கூரை வேண்டும் என்றீர்கள், பக்கக் கம்பிகளை உயர்த்தச் சொன்னீர்கள், ஆளுக்கு 8 சதுர அடி இடம் என்று அளந்து கொடுத்தீர்கள். அந்த 8 சதுர அடியில் சீட் பெல்ட் மட்டும் இல்லை. இதே சுரங்கத்தில் காரில் போகும் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். சரியான சட்டம். எங்கள் லாரியில் வாந்தி எடுத்த அந்தப் பையனின் உயரம் 1.70 மீட்டர் இருக்கும். உயரமாகப் பிறந்தது அவன் தப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டுக்கொரு நாள் எங்களுக்கு நன்றி சொல்லும் விழா நடக்கிறது. தொப்பி, பிஸ்கட், மேடையில் பாட்டு, எங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெரியவர்கள். இந்த ஊரைக் கட்டியவர்கள் என்று மைக்கில் சொல்வார்கள், கைதட்டுவோம். விழா முடிந்ததும் எங்களைக் கூட்டிப்போக லாரி வாசலில் நிற்கும். ஒரு வருஷமாவது அந்தப் பெரியவர்களில் ஒருவர் எங்களோடு பின்னால் ஏறி காலாங் வரை வந்தால்...

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

எல்லா லாரியையும் ஒரே நாளில் பஸ்ஸாக மாற்றச் சொல்லவில்லை. சுரங்கத்தில் தொடங்குங்கள். முதலில் மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் என்றாலும் சரி. பஸ் கிடைக்கும் வரை ஊழியர்களை ஏற்றிய லாரிகள் மேலே உள்ள சாலைகளில் சுற்றிக்கொண்டு போகட்டும். வீடு போய்ச் சேர அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை, எங்கள் ஆட்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு தேதி வேண்டும். 'பரிசீலிக்கிறோம்' என்பது தேதி ஆகாது.

இதற்கு முன் ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரு குறிப்பு எண் வந்தது. தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் இந்த முறை தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பதிலை மாலை ஐந்தரைக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். ஆறு மணிக்கு லாரி எடுப்போம். ஏறுவதற்கு முன் அந்தப் பையனிடம் படித்துக் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
மரினா களிமண்ணைத் தோண்டியவர்களில் ஒருவன்