கடைமடை வடிகால் ஷட்டர்களைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காவிரிக் கடைமடைக் கடலோர ஊராட்சி விவசாயிகள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: வடிகால் வழியே கடல்நீர் உட்புகுவதைத் தடுக்க, பழுதான ஷட்டர்களைச் சீரமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் வடிகால் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே உள்ள தடுப்பணையின் நான்கு ஷட்டர்களில் இரண்டு துருப்பிடித்து, ஏற்றவும் இறக்கவும் முடியாமல் பாதியில் நிற்கின்றன. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அந்த வழியே ஏறி வரும் கடல்நீரை மணல் மூட்டையும் வைக்கோலும் அடைத்துத்தான் தடுத்து வருகிறோம். கோடையில் வரப்போரம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. கைபம்புத் தண்ணீரில் உலை வைத்தால் சோறு கரிக்கிறது. அதே தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

இதுகுறித்து முன்பு மூன்று முறை மனு அளித்தும், கடல்நீர் உட்புகுவது 'இயற்கை நிகழ்வு' என்ற ஒரே பதில்தான் வந்தது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதையும், குறைந்தது 1971 முதலான உயர்வுக்குப் பெரும்பாலும் மனிதச் செயல்பாடுகளே முதன்மைக் காரணம் என்பதையும் ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2021 அறிக்கையில் கூறியிருக்கும்போது, அந்தப் பதிலை எங்களால் ஏற்க இயலவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததில் எங்கள் பங்கு ஊரிலுள்ள சில டிராக்டர்கள் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் ஆழ்குழாய் போட்டு நிலத்தடி நன்னீரை இறைத்ததும், இறால் குட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டதும் எங்களில் சிலர்தான், அதை மறைக்கவில்லை. ஷட்டருக்குப் பல ஆண்டுகளாக கிரீஸ்கூட வைக்காமல் விட்டதும் மனிதச் செயல்தானே, ஐயா.

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தக் கடலோரம் பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்ட அளவிலான பொறுப்பும் தங்களிடமே இருப்பதால், வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த இரண்டு ஷட்டர்களையும் மாற்றித் தரவும், மாவட்டக் காலநிலைத் திட்டத்தில் எங்கள் வடிகாலைச் சேர்க்கவும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கைபம்பு நீரின் உப்புத்தன்மையைச் சோதித்து முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவும், அனுமதியில்லாத இறால் குட்டைகளை, அவை எங்கள் உறவினர்களுடையதாகவே இருந்தாலும், ஆய்வு செய்யவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்.

இணைப்பு: ஷட்டர்களின் புகைப்படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்.