விசிறி ஓடுகிறது, மண் அப்படியேதான் இருக்கிறது

வணிகக் கட்டட உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டடத்தில் எப்போதோ ஒரு ட்ரை கிளீனிங் கடையோ, உலோகப் பாகங்களைக் கழுவும் பட்டறையோ இருந்ததென்றால், இந்த மடல் உங்களுக்குத்தான். அந்தக் கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது என்பீர்கள். கடை போயிருக்கும், கொட்டிய கரைப்பான் போயிருக்காது.

துணி வெளுக்கும் பெர்குளோரோஎத்திலீனும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிரைகுளோரோஎத்திலீனும்தான் அந்தக் கரைப்பான்கள்; இரண்டும் தண்ணீரைவிடக் கனமானவை. கசிந்தால் நிலத்தடி நீரையும் தாண்டி இறங்கித் தங்கிவிடும். அங்கிருந்து வருடக்கணக்கில் ஆவியாகி, தரை விரிசல், குழாய் நுழையும் துளை, சாக்கடைக் குழாய் என்று கிடைத்த வழியில் மேலே வரும். கட்டடத்துக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் போதும், அந்த ஆவியைக் கட்டடமே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"வாடையே இல்லையே?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மூக்குக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அது கெடுதல் செய்யும் அளவைத் தாண்டியிருக்கும். டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. காலப்போக்கில் சிதைந்துவிடும் என்றும் இருந்துவிட முடியாது. ஆக்சிஜன் இல்லாத மண்ணில் பெர்குளோரோஎத்திலீனின் குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்று, வினைல் குளோரைடில் வந்து நின்றுவிடலாம். அதுவும் புற்றுநோய் தருவதுதான். அமெரிக்கா 2024 டிசம்பரில் டிரைகுளோரோஎத்திலீனுக்குத் தடை விதி வெளியிட்டது, நல்ல காரியம். ஏற்கெனவே மண்ணில் இறங்கியதற்கு அந்த விதியால் ஒன்றும் ஆகாது.

சோதனை செய்யும்போது தளத்துக்கு அடியிலும், அறைக்குள்ளும், கட்டடத்துக்கு வெளியிலும் ஒரே வேளையில் காற்று மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கடையிலுள்ள பசை, தின்னர், கறைநீக்கி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் முடிவு குழம்பும். பருவம் மாறினால் அளவும் மாறும். ஒரு தடவை நன்றாக வந்த அறிக்கையை வைத்துக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

என் முக்கியமான மனத்தாங்கல் இனிமேல்தான். தளத்தைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறியால் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவது நல்ல ஏற்பாடு. மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்குக் கையாண்டு தேறிய முறை அது; அறைக் காற்று சீக்கிரம் தேறும். அத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். விசிறி பழுதானால், மின்சாரம் போனால், பழைய கதை திரும்பும். சுத்தம் செய்வது என்றால் மண்ணில் கிணறுகள் போட்டு ஆவியை இழுத்து, வடிகட்டும் கரியில் பிடிக்க வேண்டும். களிமண்ணில் காற்று நகராது, அங்கே மண்ணைச் சூடாக்கவோ தோண்டி எடுக்கவோ நேரும். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை.

வாடகைதாரர்களிடம் மறைக்காதீர்கள். டிரைகுளோரோஎத்திலீன் கருவின் இதய வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்ற கவலை இருக்கிறது. கடையில் கர்ப்பிணி ஒருவர் வேலை பார்த்தால், அடுத்த கூட்டம்வரை தள்ளிப்போட உங்களுக்கு உரிமை இல்லை. ஆய்வகம் தந்த அறிக்கையை முழுசாக, அளவுகளோடு அவர்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மண்ணையும் காற்றையும் சோதிக்கும் ஒருவன்